பச்சைக்கரை வேட்டி

தூத்துக்குடி மில்லர்புரத்தில் போய் செல்வராணியின் தையல் கடை எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "முடுக்குக்குள்ள தையக்கார ராணியக்கா வீடு" என்று கேளுங்கள், சின்னப்பிள்ளைகூடக் கொண்டுவந்து விட்டுவிடும். முன்னறையில் ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் துணி மூட்டைகள். அவ்வளவுதான் கடை. உள்பாவாடை வரும், நைட்டி வரும், பள்ளிக்கூட யூனிபார்ம் வரும், பிதுங்கிப்போன தலையணை வரும். முகூர்த்த ஜாக்கெட் மட்டும் வராது.

ஏன் வராது என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொள்வாள். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டைக் கைராசி பார்த்துத்தான் தைக்கக் கொடுப்பார்கள். செல்வராணிக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு பிள்ளை தங்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு தையல்காரி இருக்கிறாள், மூன்று பெற்றவள். அவள் தைத்தால் கக்கம் இழுக்காத ஜாக்கெட் கிடையாது. ஆனாலும் முகூர்த்த ஜாக்கெட் எல்லாம் அவளிடம்தான் போகும். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில், "கையத் தூக்க முடியலக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று அதே ஜாக்கெட் செல்வராணியிடம் வரும். கொடுமையைப் பாருங்கள்! அவளும் வாயைத் திறக்காமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள்.

புருஷன் தங்கதுரை ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். நல்ல மனிதன். "எனக்கு நீ, ஒனக்கு நான், போதும்ளா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவனும் எடுத்ததில்லை, சொந்தக்காரர்களை எடுக்க விட்டதும் இல்லை.

அப்புறம், பிள்ளை இல்லை என்று யார் சொன்னது? தங்கச்சி சுடலைமாடத்தி இருக்கிறாளே. அம்மா சாகும்போது மாடத்தி இடுப்பில் இருந்த பிள்ளை. உப்பளத்தில் உப்பு சுமந்துகொண்டு செல்வராணிதான் அவளை வளர்த்தாள். பெண் பார்க்க வந்த தங்கதுரையிடம், "இவளும் எங்கூட வருவா, சம்மதம்னா தாம்பூலம் மாத்துங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மாடத்தி பெரிய மனுஷியானபோது சேலையைக் கிழித்து மடித்து, எப்படிக் கட்டுவது என்று காட்டிக் கொடுத்ததும் அவள்தான். ஊர் கூட்டிச் சடங்கு வைத்ததும் அவள்தான்.

மாடத்தியை உப்பளத்துப் பக்கமே செந்தூர்வேலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். மாமியார் இன்பமணியும் கால் வீங்கி உட்காரும்வரை உப்பு சுமந்தவள்தான். மாடத்தியும் சுமக்கப் போனாள்.

உப்பளத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மேலேயிருந்து மட்டும் அடிக்கிற வெயில் இல்லை. பாத்தியில் விரிந்து கிடக்கிற உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். ஒதுங்க மரம் கிடையாது, மறைவு கிடையாது. ஆண்கள் பலகையால் உப்பை இழுத்து ஒதுக்க, பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் வைத்து, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் கொண்டு கொட்ட வேண்டும். அந்த மூன்று நாளும் காலையில் வைத்த நாப்கினை மாற்ற இடமில்லாமல் அப்படியே வீடு வந்து சேரும்வரை வைத்திருப்பார்கள். அடியில் பிளாஸ்டிக். வியர்வை இறங்கும், போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். நடக்க நடக்க ஓரம் அறுக்கும். அறுந்த இடத்தில் உப்புத் தண்ணி தெறிக்கும்.

ஒரு பங்குனியில் மாடத்தி அக்கா வீட்டுக்கு வந்தபோது செல்வராணி மிஷினிலிருந்து தலையைத் தூக்கி அவள் நடையைப் பார்த்தாள். காலை அகட்டி அகட்டி வைத்து வந்தாள்.

"என்னளா நடை இது?"

"ஒண்ணுமில்லக்கா. சவத்த விட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ளுகிறவளா செல்வராணி? கதவைச் சாத்தி, பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். தொடை இரண்டிலும் நாப்கின் ஓரம் எங்கே உட்காருமோ அதே அளவுக்குத் தோல் உரிந்து, சிவந்து, சில இடத்தில் சீழ் வைத்திருந்தது. "எம்மாடி!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதோடயா பெட்டி சொமக்குத?"

"எல்லாவளும்தான் சொமக்கா. நான் என்ன பெரிய மகராணியா?"

அன்றைக்குத் தொடங்கியது செல்வராணியின் துணி தேடல். யாருக்கும் நல்லது செய்து பேர் வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. தங்கச்சி நேராக நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

முதலில் மெத்தென்று இருக்கிறதே என்று பிளானலில் தைத்தாள். கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கிற துணி. மாடத்தி ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். "என்னக்கா, கம்பளியச் சுத்திவிட்ட மாதிரி காந்துது. நான் என்ன கொடைக்கானல்லயா உப்பு அள்ளுதேன்?" அடுத்து தேங்காய்ப்பூ துண்டை வெட்டித் தைத்தாள். நன்றாக உறிஞ்சியது. ஆனால் அந்தப் பக்கத்து போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது. இரண்டு தடவை அலசிக் காயப்போட்டதும் துண்டு பாத்திரம் தேய்க்கிற நாராகிவிட்டது. லாரி செட்டில் எண்ணெய் துடைக்க வாங்கும் பனியன் வேஸ்டில் நல்லதாகப் பொறுக்கித் தைத்துப் பார்த்தாள். நனைந்ததும் இழுபட்டுக் கயிறாகச் சுருண்டுகொண்டது. கறை தெரியாதே என்று கறுப்பு காட்டன் வாங்கினால், வியர்வையில் சாயம் இறங்கி அரிப்பெடுத்தது. சேலையில் கறை பட்டுவிடுமே என்று அடியில் ஒரு வரிசை ரெயின்கோட் துணி வைத்தாள். பழைய கதைதான், மறுபடியும் அதே பிளாஸ்டிக், அதே புழுக்கம். அதைப் பிடுங்கிப் போட்டாள். "கறை பட்டா பட்டுட்டுப் போவுது. புண்ணுக்குக் கறை தேவலை." நழுவாமல் இருக்க டிச் பட்டன் வைத்தாள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்தது. அதை எடுத்துவிட்டுச் சட்டைப் பட்டன் வைத்தாள்.

எந்தத் துணியானாலும் மாடத்திக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டை மடித்துத் தன் கக்கத்தில் வைத்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வாள். அன்றைக்கு முழுக்க மிஷின் மிதிப்பாள். சாயங்காலம் எடுத்துப் பார்ப்பாள். தோல் சிவந்திருந்தால் அந்தத் துணி மூட்டைக்குப் போய்விடும். தங்கதுரை பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான். "எல்லாரும் கக்கத்துல குடைய வச்சிருப்பாவ. நீ ஜவுளிக்கடையே வச்சிருக்கியேளா!"

இந்தப் பாடுபட்டதில் அவளுக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. தடிமனாக அடுக்கித் தைத்தால் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், நாறும், மறுபடி புண்ணாகும். அதனால் உறையைத் தனியாகத் தைத்து, உள்ளே வைக்கும் துணியை மடித்துச் செருகுவது போல வைத்தாள். அலசும்போது உருவி விரித்தால் அது சதுரமாக ஒரு கைக்குட்டை. கொடியில் வெயிலில் போடலாம். பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? சேலைக்கு அடியில் மறைத்து மறைத்துக் காயப்போட்டுப் பூஞ்சைபிடித்த துணியைத்தானே இவ்வளவு காலமும் பெண்கள் கட்டினார்கள்.

இரண்டாவது, உள்ளே வைக்கும் அந்தத் துணி பழைய வேட்டியாக இருந்தால்தான் சரிப்பட்டது. உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்து, கஞ்சியெல்லாம் போய், நூல் தளர்ந்துபோன வேட்டி. காற்றும் போகும், சீக்கிரம் காயவும் செய்யும், எந்தத் தண்ணியில் அலசினாலும் விறைக்காது. ஆனால் வீட்டில் எத்தனை பழைய வேட்டி இருக்கும்? தங்கதுரையின் வேட்டி எல்லாம் ஒவ்வொன்றாகக் கத்தரிக்குப் போனது. ஒருநாள் அவன் டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். "மிச்சம் இருக்கது முகூர்த்த வேட்டி ஒண்ணுதான். அதுல கை வச்சேன்னா பாத்துக்கோ. லுங்கியோட நான் கோயிலுக்குப் போகமாட்டேன்." அவள் சிரித்துக்கொண்டே கத்தரியைக் கீழே வைத்தாள்.

அந்த மார்கழியில்தான் வெள்ளம் வந்தது. தூத்துக்குடி முழுக்கத் தண்ணி. வடிந்த பிறகு மார்க்கெட் பக்கம் காசிலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குத் துண்டுத் துணி ஏதாவது கிடைக்குமா என்று செல்வராணி போனாள். அண்ணாச்சி மொட்டைமாடியில் நனைந்த சரக்கை எல்லாம் விரித்துப் போட்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை வேட்டி. ஒரு நூல் அகலத்துக்குப் பச்சைக்கரை. அந்தக் கரையைத் தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. துட்டி வீட்டுக்குப் போகிறவர்கள் பிணத்தின் மேல் போடுவதற்கு வாங்கும் கோடி வேட்டி.

கோடி வேட்டி மலிவு சரக்கு. நூல் நெருக்கம் இருக்காது. கஞ்சியைப் போட்டு விறைப்பாக நிறுத்தி மடித்து வைத்திருப்பார்கள். உடுத்தப் போகிறவன் எழுந்து வந்து குறை சொல்லவா போகிறான்? இப்போது வெள்ளத்தில் கஞ்சி எல்லாம் போய், துணி அப்படியே தொய்ந்து கிடந்தது. செல்வராணி குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்க மனசு வரவில்லை.

"கோடிக்கு மடிப்புக் குலையாம இருக்கணும் தாயி. இத இனி எவன் வாங்குவான்?" என்றார் அண்ணாச்சி. "லாரி செட்டுக்குத் தூக்கிப் போடலாம்னு இருக்கேன்."

"எனக்குத் தாங்க அண்ணாச்சி."

"ஒனக்கு என்னத்துக்கு இது?"

"மிஷின் தொடைக்க."

அதுதான் முதல் பொய்.

வீட்டில் கொண்டுவந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில் போட்டு அலசினாள். தங்கதுரை கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "ஏளா, இது அந்த வேட்டில்லா?"

"எந்தப் பொணத்து மேலயும் படாத துணி. கடையில இருந்து நேரா வந்திருக்கு."

"படாதது சரி. பேருன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"துணிக்குப் பேரு தெரியுமா?"

அவன் வேட்டியின் கரையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "மாடத்திட்ட ஒரு வார்த்த சொல்லிரு" என்றான்.

"சொல்லுதேன்."

சொல்லவில்லை. சொன்னால் தொட மாட்டாள் என்று தெரியும். மறுபடி வெயில் ஏறும், உப்பு வார ஆரம்பிப்பார்கள், மறுபடி அந்த நடை. செல்வராணி மனசுக்குள் ஒரு நியாயம் செய்துகொண்டாள். முதலில் தானே கட்டிப் பார்ப்போம், நமக்கு ஒன்றும் ஆகாவிட்டால் கொடுப்போம். சில மாதம் கட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆகும், துணிதானே!

கரையையாவது வெட்டிப் போட்டிருக்கலாம். அங்கேதான் அவளுடைய தையல் புத்தி அவளைக் கெடுத்தது. வெட்டின ஓரம் பிரியும், அலசும்போது நூல் நூலாக வரும், மடித்துத் தைத்தால் தடித்து உறுத்தும். கரை என்பது தறியிலேயே கட்டின ஓரம், பிரியாது. அதனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் கரை வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து வெட்டினாள். உறைக்குள் மடித்துச் செருகிவிட்டால் வெளியே தெரியாது. அலசும்போது மாடத்திக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். வேலை முடிந்து வந்து, இருட்டின பிறகு, குளிக்கிற மறைப்பில் அவசரம் அவசரமாக அலசி, விடியுமுன் மறுபடி வேலைக்கு ஓடுகிறவள் கரையையா பார்த்துக்கொண்டிருப்பாள்?

"அக்கா, இருக்கதே தெரியலக்கா!" என்று மாடத்தி வந்து சொன்ன அன்றைக்குச் செல்வராணி மிஷின் மேல் தலையை வைத்து அழுதாள். சந்தோஷத்தில்தான். மாடத்தி அவள் முன்னால் முடுக்குச் சந்து நெடுக நேராக நடந்து காட்டினாள், துணிக்கடைப் பொம்மை மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. உப்பளத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள். வந்தவளுக்கெல்லாம் செல்வராணி தைத்துக் கொடுத்தாள். முகூர்த்த ஜாக்கெட் கொடுக்காத ஊருக்கு இதில் கைராசி பார்க்கத் தோன்றவில்லை. இதற்கு யார் ராசி பார்ப்பார்கள்? அது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் மாடத்திக்குத் தள்ளிப்போனது.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவை. செல்வராணிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "இனி பெட்டியத் தொட்டேன்னா காலை ஒடிச்சிருவேன்" என்றாள். செந்தூர்வேலும் சொல்லிப் பார்த்தான். மாடத்தி கேட்கவில்லை. "சீசன்ல நாலு பெட்டி சொமந்தாத்தான மழைக்கு உக்காந்து திங்க முடியும்? வயித்துப்பிள்ளையோட சொமக்காதவ இந்த அளத்துல எவ இருக்கா?" அதுவும் உண்மைதான். அவள் மாமியாரும் அப்படித்தான் சுமந்தாள்.

ஆனி வெயிலில் ஒருநாள் மாடத்தி தட்டுமேட்டின் மேல் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது உப்பு சிவந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

"ரத்தம் கம்மி, இந்த வெயில்ல இவ்வளவு சுமை வேற. சில சமயம் காரணமே இல்லாமலும் ஆகும்மா. தைரியமா இருங்க" என்றாள் டாக்டரம்மா. செந்தூர்வேல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் மாடத்திக்கு உதிரம் நிற்கவில்லை. தலை சுற்றல். எழுந்திருக்க முடியாது. அவள் துணியை இன்பமணி அலசினாள். ஒரு மாமியார் மருமகளின் ரத்தத் துணியை அலச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளையை இழந்து கிடக்கிறாளே என்ற இரக்கத்தில் அந்த வீங்கின காலோடு துவைக்கிற கல்லடியில் உட்கார்ந்து அலசினாள். பட்டப்பகலில், நிதானமாக, உறையிலிருந்து துணியை உருவி விரித்தாள்.

செல்வராணி உளுந்தங்களி கிண்டித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தபோது, இன்பமணி கல்லின் மேல் அந்தத் துணிகளை வரிசையாக விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை.

"ராணி, இங்கன வா. இது என்ன கரை?"

செல்வராணி தூக்குச்சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"எங்க வீட்டு மனுசனுக்கு இந்தக் கரைதான் போட்டோம். சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் கொண்டுவந்து மேல மேல போட்டான். எனக்குத் தெரியாதா இந்தக் கரைய?"

"அத்தை, பொணத்து மேல படாத துணி அத்தை. சத்தியமா. காசிலிங்கம் அண்ணாச்சி கடையில வெள்ளத்துல நனைஞ்சது. நானே கட்டிப் பாத்துட்டுத்தான் கொடுத்தேன்…"

"நல்ல துணின்னா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதுதான? ஏன் மறைச்ச?"

செல்வராணி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

உள்ளே படுத்துக் கிடந்த மாடத்தி சுவரைப் பிடித்து நிலைப்படிக்கு வந்து நின்றாள். கல்லைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா தச்ச?"

"மாடத்தி, கேளு…"

"தெரிஞ்சா தச்ச, தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்" என்றாள் செல்வராணி.

மாடத்தி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். உளுந்தங்களியை யாரும் வாங்கவில்லை.

செய்தி உப்பளம் முழுக்கப் போக எவ்வளவு நேரமாகும்? பெண்கள் அவரவர் துணியைக் கொண்டுவந்து ரோட்டோரம் குவித்துக் கொளுத்தினார்கள். கொளுத்தும்போதே ஒருத்தி, "நல்லாத்தான் இருந்துச்சு பாவி" என்று சொன்னாளாம். பருத்தி நிமிஷத்தில் சாம்பலாகிவிட்டது. பட்டன்தான் உருகிக் கிடந்ததாம். மறுமாதத்திலிருந்து எல்லோரும் பழையபடி பிளாஸ்டிக் நாப்கினுக்கே போனார்கள். மில்லர்புரத்திலும் பேச்சு வந்தது. முகூர்த்த ஜாக்கெட் வராத வீட்டுக்கு இப்போது யூனிபார்மும் வரவில்லை.

செல்வராணி செந்தூர்வேலை அவன் மூட்டை ஏற்றும் இடத்துக்கே போய்ப் பார்த்தாள். "டாக்டரம்மா சொன்னத நீங்க கேட்டீங்கல்லா? அவகிட்ட எடுத்துச் சொல்லப்படாதா?"

"கேட்டேன் மைனி. நம்பவும் செய்யுதேன். அவளும் நம்பத்தான் செய்யுதா. ஆனா ஒங்க பேரச் சொன்னாலே சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதா. நான் என்ன செய்ய?" அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அவனுக்கும்தானே போனது.

மாடத்தி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்ததும் செல்வராணிக்குச் சோறு இறங்கவில்லை. எதைக் கட்டிக்கொண்டு போகிறாளோ? ஒரு காலை தங்கதுரை டிரங்குப் பெட்டியைத் திறந்தான். முகூர்த்த வேட்டியை எடுத்து மிஷின் மேல் வைத்தான். "வெட்டுளா" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "கோயிலுக்கு லுங்கியோட போய்க்கிடுதேன். வெட்டு."

நல்ல நாளுக்கு எடுத்த வேட்டி. தீபாவளி, கோயில் கொடை, கல்யாணம் என்று நல்லதுக்கு மட்டுமே உடுத்தி, ஒவ்வொரு தடவையும் கையால் அலசி நிழலில் உலர்த்தின வேட்டி. இதைவிட மெதுவான துணி செல்வராணியின் கைக்கு வந்ததில்லை. இந்தத் தடவையும் கரை ஓரமாக வருகிற மாதிரியே வெட்டினாள். மாம்பழ நிறக் கரை. மாடத்தி பார்க்கட்டும் என்று உறைக்கு வெளியே கொஞ்சம் தெரியும்படியும் வைத்துத் தைத்தாள்.

உப்பளத்துக்குப் பஸ் ஏறிப் போனாள். சாப்பாட்டு வேளை. மாடத்தி ஒரு உப்புக் குவியலின் ஓரத்து நிழலில் தனியாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அக்காவைப் பார்த்து எழுந்து போய்விடவில்லை. அதுவே செல்வராணிக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்து எடுத்து நீட்டினாள்.

மாடத்தி கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். உறையிலிருந்து துணியை உருவி விரித்தாள். கரையைப் பார்த்தாள்.

"அத்தானோட கல்யாண வேட்டில்லா?"

"அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க. வேணும்னா போன் போட்டுக் கேளு."

"கேக்கணுமாக்கும்? நீங்க ரெண்டு பேரும் மணவடையச் சுத்தயில இந்த நுனியப் பிடிச்சுக்கிட்டுத்தான நானும் பொறத்தால வந்தேன். எல்லாரும் சிரிச்சாவ." மாடத்தி துணியைப் புறங்கையில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். அக்கா பார்ப்பது போலவே. "நல்ல மெதுவா இருக்கு."

செல்வராணி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். தங்கச்சி திரும்பிவிட்டாள் என்றே நினைத்துவிட்டாள். பாவம்.

மாடத்தி துணியைப் பழையபடி மடித்தாள். உறைக்குள் செருகினாள். பட்டனைப் போட்டாள். அக்காவின் பைக்குள் வைத்தாள்.

"வேண்டாங்க்கா."

"இது கோடி இல்லளா. நீயே சொன்னியே…"

"கோடிய நான் எப்பவோ விட்டுட்டேன். துணியில என்னக்கா இருக்கு? டாக்டரம்மா சொன்னது எனக்கு வெளங்காமலா இருக்கு?" அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் செல்வராணி சண்டை போட்டிருப்பாள், காலில் விழுந்திருப்பாள், ஏதாவது செய்திருப்பாள். "இன்னொண்ணு தங்கணும்னு நேந்திருக்கேங்க்கா. அதான். எந்தத் துணின்னாலும், ஒங் கைதான தைக்குது."

செல்வராணி தன் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறின விரல்கள். இந்த இருபது வருஷத்தில் ஊரெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு வாயால் சொல்லாமல் விட்டதை இவள் சொல்லிவிட்டாள். இவள் சொல்வாள் என்று மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

கங்காணி கைதட்டிக் கூப்பிட்டார். மாடத்தி எழுந்து சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். இரண்டு எட்டுப் போய்த் திரும்பி, "பஸ் இப்ப வந்துரும். வெயில்ல நிக்காதக்கா, போ" என்றாள். உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னாள்.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பின் மேல் போனாள். செல்வராணி பையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மாடத்தி காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தாள்.